இதழ் வைத்த குமிழ்

சமையலறை அலமாரிகளுக்குக் குமிழ் வாங்கத் தானும் வருவதாக மரகதவல்லி சொன்னதுமே ரஞ்சனிக்குள் ஏதோ உறுத்தியது. புடவை எடுக்கக்கூட மாமியார் கடையேறி வந்ததில்லை. தேசிக் எதை வாங்கி வந்து நீட்டினாலும் "நன்னாயிருக்குடா" என்று மடியில் வைத்துக்கொள்கிறவள். அப்படிப்பட்டவள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டி, பெரிய கடைவீதி நெரிசலில் இறங்கி நடக்கத் தயாராகிறாள் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

ரஞ்சனியின் உத்தியோகமே சந்தேகப்படுவதுதான். கன்டோன்மெண்டில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில், விபத்துக்குள்ளான வண்டிகளுக்கு இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைச் சரிபார்ப்பவள். பம்பர் நசுங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தே, லாரி இடித்ததா, வீட்டுக் கேட்டில் தானே போய் மோதியதா என்று சொல்லிவிடுவாள். "அந்தக் கண்ணை ஆபீஸ்லயே கழட்டி வெச்சுட்டு வாயேன்" என்று தேசிக் கேலி செய்வான். கழற்றி வைக்கத்தான் அவளுக்கும் ஆசை. மூன்று மாதமாக, இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, அது முடியாமல்தான் தவிக்கிறாள்.

கடைக்காரப் பெண் இர்பானா, பிடிகள் திருகிய பலகைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசைமேல் சாய்த்து வைத்தாள். ரஞ்சனி ஏற்கெனவே தீர்மானித்திருந்தாள். எல்லாக் கதவுக்கும் நீளமான ஸ்டீல் பிடி, ஒரே மாதிரி. பார்க்கவும் லட்சணம், துடைக்கவும் சுலபம்.

"ஒரே மாதிரி இருக்கப்படாது" என்றாள் மரகதவல்லி.

"ஏம்மா?"

"இருக்கப்படாதுன்னா இருக்கப்படாது."

அவள் பலகைகளைப் பார்க்கவே இல்லை. வாசலில் போகிற வண்டிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரல்களை மட்டும் பலகைமேல் மேயவிட்டாள். ஒவ்வொரு குமிழாகப் பிடித்து, உருட்டி, விட்டாள். பொறுக்கியெடுத்தது மூன்று வகை. பாத்திரக் கதவுக்கு ரஞ்சனி சொன்ன நீளப் பிடி. இன்னொன்றுக்கு நெல்லிக்காய் அளவில் வழுவழுப்பான பித்தளை உருண்டை. மூன்றாவது பீங்கானில், ஓரம் முழுக்க இதழ் இதழாக வெட்டியது.

"மாமி, வீடு கட்டுறீங்களா, எங்களுக்குப் போட்டியா ஷோரூம் வைக்கிறீங்களா?" என்று இர்பானா சிரித்தாள். "ஒரே அடுக்களையில மூணு டிசைனா? அக்கா, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"நான் சொல்லி யாரு கேக்குறாங்க" என்றாள் ரஞ்சனி, சிரித்தபடியே. மாமியார் சிரிக்கவில்லை.

"இந்தப் பித்தளை பெருமாள் அலமாரிக்கு. இதழ் வெச்சது ரஞ்சனி சாமான் வெச்சுக்கற கதவுக்கு" என்று கடைக்காரியிடம் சொல்வதுபோல மரகதவல்லி சொன்னாள்.

அவ்வளவுதான். ரஞ்சனிக்குள் உறுத்திக்கொண்டிருந்ததற்கு உருவம் கிடைத்துவிட்டது.

அவள் மணப்பாறைப் பக்கத்துப் பெண். அப்பா வீரமலைக்குக் கடலையும் சோளமும் விளைகிற மானாவாரிக் காடு. வீட்டில் ஆடு, கோழி. சென்னையில் வேலை பார்த்தபோது தேசிக்கைப் பார்த்துப் பிடித்துப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். மரகதவல்லி அழவில்லை, சண்டை போடவில்லை, கல்யாணத்துக்கு வந்து அட்சதையும் போட்டாள். அதுவே ரஞ்சனிக்குப் பயமாக இருந்தது. கோபத்தை வெளியே கொட்டுகிறவர்களோடுதான் அவள் வளர்ந்தாள். கொட்டாத கோபம் எங்கே போய்த் தங்கும் என்று அவளுக்குத் தெரியாது. "அத்தை" என்று கூப்பிடத்தான் முதலில் வாய் போனது. எங்கள் வீட்டில் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று தேசிக் திருத்தினான். அம்மா என்றே கூப்பிட்டாள். கூப்பிடும்போதெல்லாம் யாருடைய செருப்பிலோ கால் நுழைத்ததுபோல இருந்தது.

ஐந்து வருடம் கழித்து இருவருக்கும் திருச்சிக்கு மாற்றல் கிடைத்தது. தனியாக இருக்கும் அம்மாவோடு இருக்கலாம் என்றான் தேசிக். சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்றதும் அவன்தான். அதுவரை அங்கே இருந்தவை கடப்பைக் கல் தட்டுகள், கதவில்லாதவை. "கதவே வேண்டாண்டா. திறந்து கிடந்தாத்தான் எனக்கு சௌகரியம்" என்று மரகதவல்லி ஆன மட்டும் மறுத்தாள். பிறகு ஒருநாள் இறங்கி வந்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. பிடிகளை அவள்தான் தேர்ந்தெடுப்பாள்.

இப்போது ரஞ்சனிக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மாமியார் ஒருநாளும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தோளைப் பார்த்துப் பேசுவாள், இல்லாவிட்டால் காதோரம். ரஞ்சனி எடுத்துவிட்டு வைத்த டப்பாவை, அவள் நகர்ந்ததும் திறந்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். பூண்டு வாடையைத் தேடுகிறாளா, கவிச்சி வாடையைத் தேடுகிறாளா? ரஞ்சனி துலக்கிக் கவிழ்த்த பாத்திரங்களின் உட்புறத்தை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவுவாள். ரஞ்சனி அடுக்களை வாசலில் நின்றால், "யாரு? ரஞ்சனியா?" என்று கேட்பாள். வீட்டில் இருப்பதே மூன்று பேர். இவள் யாராக இருக்க முடியும்?

தொடாதே என்று மாமியார் ஒருமுறையும் சொன்னதில்லை. ரஞ்சனியும் பெருமாளுக்குப் படைக்கச் சமைக்கும் தளிகைக்கான அரிசி பருப்பைத் தொட்டதில்லை. சொல்லாமலே கட்டிய சுவர் அது. இப்போது அந்தச் சுவருக்குக் குமிழ் வைக்கப் போகிறார்கள். பித்தளை என்றால் தீட்டுப் பட்டாலும் நீர் விட்டுக் கழுவிக்கொள்ளலாம். பித்தளை பெருமாளுக்கு, பீங்கான் மணப்பாறைக்காரிக்கு.

தச்சர் ஸ்டீபன்ராஜ் கதவுகளைப் பொருத்த வந்த அன்று ரஞ்சனி அரை நாள் விடுப்பு எடுத்தாள். அடுப்புக்கு வலப்பக்கம் அடுத்தடுத்து மூன்று கதவுகள், ஒரே பழுப்பு நிறம், ஒரே அளவு. முதல் கதவில் நீளப் பிடி, நடுவில் பித்தளை, மூன்றாவதில் இதழ்.

"இந்த இதழ் குமிழை மட்டும் ஏன் கொஞ்சம் கீழ வெச்சிருக்கீங்க?"

அவர் துளைக்கருவியை நிறுத்தினார். "மாமி அப்படித்தான் வைக்கச் சொன்னாங்க மேடம். என் கையைப் பிடிச்சு, இங்க, இங்கன்னு காட்டினாங்க."

"எதுக்காம்?"

"அது... உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்க கேட்டீங்கன்னு மாமிகிட்ட சொல்லிப்புடாதீங்க. பருத்திப்பால் குடுத்து வேலை வாங்குறவங்க."

அன்று தேசிக்கிடம் கேட்டேவிட்டாள். "உங்க அம்மா எனக்குத் தனியா ஒரு குமிழ் மாட்டியிருக்காங்க. பார்த்தியா?"

"அழகாத்தானே இருக்கு. பூ மாதிரி."

"நான் கேக்குறது அழகை இல்ல."

"ரஞ்சனி, அது ஒரு கதவோட பிடி. அதுக்குள்ள போய் என்னத்தைத் தேடறே?"

கதவுக்குள்தான் எல்லாம் இருக்கிறது என்று அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? அவன் அந்த வீட்டில் பிறந்தவன். எந்தக் கதவும் அவனைப் பார்த்து யோசித்ததில்லை.

மறுநாள் அலுவலகத்தில் பெலிண்டாவிடம் சொன்னாள். பக்கத்து மேசைக்காரி, கே.கே. நகரில் இருப்பவள். அவள் தெருவிலேயே ஒரு மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடு. ஹவுஸ் ஓனர் அதுக்கு மேல நிறுத்தி வைக்க மாட்டார்" என்றாள் பெலிண்டா. "தேசிக் வருவாரா?"

"தெரியல. நான் போயிடுவேன்."

சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. அவன் வராவிட்டாலும் போய்விடுவாளா? ஒரு குமிழுக்காகவா? ஆனால் ஆதாரம் இல்லாமல் அவள் எந்த மனுவையும் தள்ளியதில்லை. மாமியாருடையதை மட்டும் எப்படித் தள்ளுவாள்? தனக்கே நியாயமாக இருக்க ஒரு சோதனை வேண்டும் என்று நினைத்தாள். நியாயம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்தாள். அடியில் கிடந்தது குரூரம் என்று அப்போதே பாதி தெரிந்துதான் இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் மரகதவல்லி பக்கத்து வீட்டுக்குப் பாராயணத்துக்குப் போயிருந்தாள். ரஞ்சனி திருப்புளியை எடுத்தாள். உட்பக்கத் திருகைத் தளர்த்தி, பித்தளைக் குமிழைக் கழற்றி மூன்றாவது கதவில் மாட்டினாள். இதழ்க் குமிழை நடுக் கதவில், பெருமாள் அலமாரியில். தினமும் அவள் கை பட்டுப் பழகிய பீங்கான் பெருமாள் அரிசிக்குக் காவலாக நிற்கட்டும். பார்த்ததும் மாமியார் என்ன செய்கிறாள் என்று தெரிந்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவுவாளா, புடவைத் தலைப்பால் பிடிப்பாளா, ஸ்டீபன்ராஜைக் கூப்பிட்டுப் பிடுங்கி எறியச் சொல்வாளா? எது நடந்தாலும் கே.கே. நகர்.

ஞாயிறு காலை தேசிக் காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பினான். ரஞ்சனி குளித்துவிட்டு, காபி டம்ளரோடு அடுக்களை நிலையில் வந்து சாய்ந்து நின்றாள். மரகதவல்லி ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உலை வைத்துவிட்டுத் திரும்பினாள். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் மூன்று கதவுகள்மேலும் தாராளமாக விழுந்திருந்தது. பித்தளை இடம் மாறியிருப்பது நிலைப்படியிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

மரகதவல்லியின் கை முதல் கதவின் நீளப் பிடியைத் தொட்டது. அங்கிருந்து வலப்பக்கம் நகர்ந்து இதழ்க் குமிழில் பட்டது. பட்ட மாத்திரத்தில், கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டதுபோல விலகிக்கொண்டது.

அப்படியானால் உண்மைதான், என்று ரஞ்சனி நினைத்தாள்.

ஆனால் மாமியார் கூச்சல் போடவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. கை இன்னும் வலப்பக்கம் போனது. பித்தளை உருண்டையைக் கண்டுபிடித்து, நிம்மதியாகப் பற்றி, ரஞ்சனியின் கதவைத் திறந்தது.

கண்ணெதிரே சின்ன வெங்காயக் கூடை, பூண்டுச் சரம், மணப்பாறை முறுக்குப் பொட்டலம். மரகதவல்லியின் முகத்துக்கு நேரே, ஒரு முழ தூரத்தில். அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்கவில்லை. கை உள்ளே போய், முன்வரிசையில் இருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்தது. மூடியைத் திறந்து வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனாள். ரஞ்சனியின் அம்மா காளியாயி இடித்துக் கொடுத்த பூண்டுப் பொடி அது.

மூடி தரையில் விழுந்து சுழன்று சுழன்று ஓய்ந்தது.

மரகதவல்லி டப்பாவை மேடைமேல் வைத்தாள். மூக்கை ஒருமுறை தேய்த்துக்கொண்டாள். பித்தளைக் குமிழை மறுபடி தடவினாள். பக்கத்துக் கதவுக்குப் போய் இதழ்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். மறுபடியும் பித்தளை. மறுபடியும் இதழ். அந்த முகத்தில் கோபமே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் கையைத் தவறவிட்டவள் முகம்போல இருந்தது.

"பெருமாளே" என்றாள் மெதுவாக. "இப்போ விரலும் போயிடுத்தா?"

ரஞ்சனி கையிலிருந்த காபியைப் பார்த்தாள். குடிக்கிற பொருளாகவே அது தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாரு? ரஞ்சனியா?"

"நான்தாம்மா." ஓர் அடி உள்ளே வைத்தாள். "விரல் போகல. நான்தான் நேத்து குமிழை மாத்தி வெச்சேன்."

மரகதவல்லி அவள் தோளைப் பார்த்தாள். "எதுக்குடி?"

"நீங்க அதைக் கழுவுறீங்களான்னு பார்க்க."

உலை தளதளவென்று கொதித்தது. மரகதவல்லி எட்டி அடுப்பைத் தணித்தாள், தடவாமலே, சத்தத்தை வைத்து.

"நீங்க எப்பவும் என் முகத்தைப் பார்க்கறதே இல்ல" என்றாள் ரஞ்சனி. இந்த நேரத்தில் குற்றம்சாட்டத் தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் வந்துவிட்டது.

"இப்போ உன் மூஞ்சியைத்தாண்டி பார்த்துண்டிருக்கேன். நேரா பார்த்தா அங்க ஒரு கறுப்பு நிக்கறது. தோளைப் பார்த்தாத்தான் ஓரத்துல நீ தெரியறே. மூக்குத்தி போட்டுண்டிருக்கே, இல்லையா? மினுங்கறது."

"எத்தனை நாளா?"

"ஒரு கண்ணு நீங்க வரத்துக்கு முன்னாடியே. இன்னொண்ணு இப்போ. டப்பாவுக்குள்ள துவரையா கடலையான்னு மூக்குதான் சொல்லும். திறந்த தட்டா இருந்தவரைக்கும் கை தானாப் போகும். கதவு போட்டா எல்லாம் ஒண்ணாயிடுமே."

முகர்ந்ததும், பாத்திரத்தைத் தடவியதும், யாரு என்று கேட்டதும் ரஞ்சனியின் மனத்துக்குள் ஒவ்வொன்றாகப் புரண்டு படுத்தன. இத்தனை நாள் நசுங்கலைப் பார்த்தே வண்டியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா தேசிக் என்னை அடுப்புப் பக்கம் விடுவானா? பெருமாளுக்கு நான் பண்ற தளிகை அன்னியோட நின்னுடும். அம்மா நீ உக்காரு, ரஞ்சனி பண்ணட்டும்பான்."

"நான் பண்ணா என்ன?"

கேட்டுவிட்டாள். இந்த மூன்று மாதமாக இல்லை, ஐந்து வருடமாக நாக்கின் அடியில் கிடந்த கேள்வி அது. மரகதவல்லி முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"அது எனக்கு இன்னும் வரலைடி" என்றாள். "பெருமாள் ஏத்துப்பார். எனக்குத்தான் வரலை. வந்துடும்னு பொய் சொல்லி உன்னை ஏமாத்தப்படாது."

வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனாலும் அதில் ஒரு விசித்திரமான ஆறுதல் இருந்தது. அவள் மேசைக்கு வருகிற எந்த மனுவிலும் தன்மேல் உள்ள தப்பை யாரும் முதலில் எழுதுவதில்லை.

"அப்போ அந்த இதழ் குமிழ்?"

"அது நான் தெரியாம உன் கதவைத் திறந்துடப்படாதுன்னு. தொட்டாலே கை உணரணும். அதான் கீழ வேற வைக்கச் சொன்னேன். உனக்கு வெச்ச வேலி இல்லைடி, எனக்கு வெச்சுண்டது."

"வேலி வேலிதானேம்மா."

"ஆமா" என்றாள் மரகதவல்லி. "வேலிதான்."

ரஞ்சனி திருப்புளியை எடுத்து வந்தாள். மாமியார் வெளிப்பக்கம் குமிழைப் பிடித்துக்கொள்ள, இவள் கதவின் பின்னாலிருந்து திருகை முடுக்கினாள். நடுவில் ஒரு பழுப்புப் பலகை. இந்தப் பக்கம் இவள் மூச்சு, அந்தப் பக்கம் அவள் மூச்சு.

"நாளைக்கு லீவு போடுறேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"தேசிக்குக்கு..."

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். தளிகை உங்களோடதுதான். அதைப் பிடுங்க வந்தா நான் பேசிக்கிறேன்."

"நீயா?"

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

"குமிழை மாத்தி வெச்சவளாச்சே" என்றாள் மரகதவல்லி. கடையில் வராத சிரிப்பு இப்போது உதட்டோரம் எட்டிப் பார்த்தது. "இன்னும் இறுக்கு. ஆடறது."

இரண்டும் பழைய இடத்துக்கு வந்தன. மரகதவல்லி தொட்டிக்குப் போய்க் கைகழுவினாள். பூண்டுக்காகவா, வேறு எதற்காகவாவதா? ரஞ்சனியின் கண் அதையும் கவனித்தது. கழற்றி வைக்க முடியாத கண்.

சாத்தமுதுக்குப் புளியைக் கரைத்துக்கொண்டே மரகதவல்லி, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்: "குளிச்சாச்சா?"

ரஞ்சனி ஒரு கணம் விறைத்தாள். பிறகு யோசித்தாள். இந்த வீட்டில் தேசிக்கிடம் அவன் அடுக்களைக்குள் நுழையும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி அது. ஊரிலிருந்து வரும் நாத்தனாரிடமும் கேட்பாள். அவளிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவை இல்லாதபடி, அவள் கைக்கு எட்டாமல் எல்லாம் விலகி இருந்தன.

"குளிச்சாச்சு."

"பெருங்காய டப்பாவை எடு. சின்னது. மேல் தட்டுல."

ரஞ்சனி பித்தளைக் குமிழைப் பிடித்தாள். திருகியவள் அவள்தான். ஆனாலும் திறப்பதற்காகப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. குளிர்ந்து, கைக்கு அடக்கமாக இருந்தது. கதவைத் திறந்து, டப்பாவை எடுத்து, மாமியார் கையில் வைத்தாள். விரல்கள் பட்டுக்கொண்டன. மரகதவல்லி மூடியைத் திறந்தாள். மூக்கருகே கொண்டுபோகப் போனாள், பாதியில் நிறுத்தினாள். அப்படியே, முகராமல், ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள்.

கூடத்தில் கைபேசி ஒலித்தது. பெலிண்டா.

"ஹவுஸ் ஓனர் கேக்குறார். என்ன சொல்லட்டும்?"

"வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடு."

"ஏன், எல்லாம் சரியாயிடுச்சா?"

ரஞ்சனி அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மரகதவல்லி கரண்டியோடு அசையாமல், காதை இந்தப் பக்கம் கொடுத்து நின்றிருந்தாள்.

"சரியாகல" என்றாள் ரஞ்சனி, உள்ளே இருப்பவளுக்கும் கேட்கும்படி. "ஆனா இருக்கேன்."

உள்ளே கரண்டி மறுபடி அசைந்தது.